ஆளுக்கு ஆள்

"ரெண்டரை ஆகுது டிலானி! நாலு மணிக்குக் கந்தோர மூடிட்டான்னா, அப்புறம் கடவுளே வந்து தட்டினாலும் தொறக்க மாட்டான்!"

ராஜலிங்கம் கடிதத்தை மேசைமேல் விரித்து, மூன்றாவது தடவையாகப் பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அம்பிட்டிய வீட்டு வாசலில், பேராதனைப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போக வரச்சொன்ன த்ரீவீல் இருபது நிமிடமாக நின்றுகொண்டிருந்தது.

சமையலறைக் கதவோரம் நின்று யாருடனோ போனில் அடிக்குரலில் சண்டை பிடித்துக்கொண்டிருந்த மகள், அப்பாவின் சத்தம் கேட்டதும் பேச்சைத் துண்டித்தாள். போனை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"வேணாம்பா. நான் மட்டக்களப்புலயே படிக்கிறேன்."

ராஜலிங்கம் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"ஒரு வருஷமா 'இங்க இருக்க முடியல, பேராதனைக்கு மாத்தித் தாங்க'ன்னு அழுதது யாரு?"

"நான்தான்."

"லீவு போட்டுட்டு கந்தோர் கந்தோரா அலைஞ்சது யாரு?"

"நீங்கதான்."

"இப்ப கெடச்சதும் கசக்குதா?"

"அங்க சிறப்புப் பட்டத்துக்கு எடுத்திருக்காங்கப்பா. இங்க வந்தா பொதுப் பட்டந்தான்."

"அது போன மாசமே தெரியுமே! அப்ப 'பட்டம் கெடக்கட்டும், வீட்டுச் சோறு போதும்'னு சொன்னியே. நேத்து இந்தக் கடிதத்தப் பிரிச்சதுலருந்துதான் உன் மூஞ்சி மாறிப்போச்சு."

தேநீரோடு வந்த கலாராணி இடையில் புகுந்தாள். "காலையிலருந்து புள்ள ஒரு வாய் சாப்பிடல. கொஞ்சம் விடுங்களேன்."

"நீ சும்மா இரு கலா. அவ லீவு முடிஞ்சு போற ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டுல நின்னு மூக்கச் சிந்துறது நீதானே?"

அவரும் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைப்பதைக் கலாராணி சொல்லிக் காட்டவில்லை.

சும்மா கிடைத்த இடமல்ல அது. அதே பாடம், அதே வருடம் படிக்கும் ஒருவர் பேராதனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகச் சம்மதித்தால்தான், அங்கிருந்து ஒருவர் இங்கே வரலாம். இருவருமே கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒருவரைக் கந்தோரே தேடிப் பொருத்தி, பெயரும் போன் நம்பரும் அனுப்பியிருந்தது.

"பாரு, கே. அஜந்தன், தெல்தோட்டை. வீட்டப் பக்கத்துல வச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் போக எழுதிப்போட்டிருக்கான். பாவம், என்ன கஷ்டமோ! நீ மாட்டேன்னா அவனும் போக முடியாதே?"

"அவன் எங்கயும் போகத் தேவையில்ல!"

"அதச் சொல்ல நீ யாரும்மா?"

டிலானி கடிதத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். பேனாவை மட்டும் தொடவில்லை. வாசலில் த்ரீவீல்காரர் ஹோர்ன் அடித்தார்.

"சரி, உன்கிட்டப் பேசிப் பிரயோசனமில்ல. அந்தத் தம்பி கையெழுத்து வச்சிட்டாரான்னு நானே கேக்குறேன். போட்டுட்டாருன்னா நீயும் போடுற. அவ்வளவுதான்."

அவருடைய போனில் காசு தீர்ந்திருந்தது. மேசையில் கிடந்த மகளின் போனை எடுத்தார்.

"அப்பா, அதுல வேணாம்... அப்பா!"

"கைய விடு! ஒரு நிமிஷம் பேசினா உன் போன் தேஞ்சிறாது."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடிதத்திலிருந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்து அழுத்தினார். கடைசி இலக்கத்தையும் அழுத்தி அழைத்ததும் நம்பர் மறைந்து, திரையில் 'அஜூ' என்று வந்தது. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

ராஜலிங்கம் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் கொட்டியது.

"திரும்பவும் ஏசாத டிலா! உனக்குச் சொல்லாம மட்டக்களப்புல வந்து நிக்கணும்னுதானே நான் எழுதிப்போட்டேன். நீயும் எனக்குச் சொல்லாம இங்க வர எழுதுவேன்னு நான் என்ன கனவா கண்டேன்?"