நாலு மணி வரை காப்பீடு

பின்கண்ணாடியில் நீல விளக்கு சுழன்றதும் லவ்ரி காரின் வேகத்தைக் குறைத்தாள். பக்கத்து இருக்கையில் பக்கத்து வீட்டு மெரியல், சமையலறைத் துண்டு சுற்றிய வலக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போலீஸ், மெரியல்! நிறுத்தச் சொல்றாங்க!”

“நிறுத்து. பதறாதே.”

பதறாமல் எப்படி இருப்பது? கார் மெரியலுடையது. லவ்ரியின் இன்சூரன்ஸோ அவளுடைய சொந்தக் காருக்கு மட்டும்தான். அடுத்தவர் காரை ஓட்டும் சலுகை இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்குப் பத்தொன்பது.

பிடிபட்டால் லைசென்ஸில் ஆறு அபராதப் புள்ளி. லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்கூட ஆகாதவளுக்கு ஆறு புள்ளி விழுந்தால் லைசென்ஸே போய்விடும். வேல்ஸ் நாட்டில் கார்மார்தன் ஊரைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளில் தனியாகக் கிடக்கும் வயசாளிகள் ஒன்பது பேரைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. கார் ஓட்ட முடியாதவளுக்கு அந்த வேலை இல்லை.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் மெரியல் ஓடிவந்து கதவைத் தட்டினாள். “ரொட்டி அறுக்கும்போது கத்தி ஆழமா இறங்கிடுச்சு லவ்ரி. ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரிக்கு என் காரை நீ ஓட்டு!”

லவ்ரியின் கார் திங்கட்கிழமையிலிருந்து ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. “எனக்கு உங்க காருக்கு இன்சூரன்ஸ் கிடையாதே” என்றாள். “ஒண்ணும் ஆகாது, வா” என்று மெரியல் சாவியைக் கையில் திணித்தாள். லவ்ரி துண்டை அவிழ்த்துப் பார்க்கப் போனபோது “தொடாதே!” என்று கத்தினாள். இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. நல்லவள். போன ஞாயிற்றுக்கிழமைகூட லவ்ரியின் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, “இதுல நீ திருட்டு முழி முழிக்கிறே” என்று சிரித்து, அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு போனாள்.

பெண் போலீஸ் ஒருத்தி குனிந்து சன்னலைத் தட்டினாள்.

“என்ன கண்ணு, நத்தைகூட உன்னை முந்திடும்போல இருக்கே? ரோட்டுல கோலம் போட்டுக்கிட்டு வர்றே. குடிச்சிருக்கியா?”

“இல்லைங்க… இவங்களுக்குக் கையில வெட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“கார் உன்னோடதா?”

“இல்ல, இவங்களோடது.” லவ்ரிக்குப் பொய் சொல்ல வராது. “எனக்கு… இந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இல்லைங்க. தெரிஞ்சுதான் ஓட்டினேன்.”

போலீஸ்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். லைசென்ஸை வாங்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனாள்.

“எல்லாம் போச்சு” என்று லவ்ரி அழத் தொடங்கினாள். மெரியலின் உதடுகள் வெளுத்திருந்தன. கண்கள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

போலீஸ்காரி திரும்பி வந்து மறுபடி குனிந்தாள். இந்த முறை அவள் பார்வை மெரியல் மேல் இருந்தது.

“நீங்க டரெனோட மனைவிதானே? டாக்சி கம்பெனி டரென்? அவருக்கு ஒரு போன் போட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்!” மெரியலின் குரல் கீச்சிட்டது. உடனே தணித்துக்கொண்டாள். “ரத்தம்னா அவருக்கு ஆகாது. பாவம், வேலையில இருப்பார். நானே அப்புறம் சொல்லிக்கிறேன்.”

“சரி, உங்க இஷ்டம்.” லைசென்ஸை லவ்ரியிடம் நீட்டினாள். “உன்னைத்தான் சொல்லணும் பொண்ணே. இன்சூரன்ஸ் இல்லை, இல்லைன்னு என் நேரத்தை வீணடிச்சுட்டே.”

“அய்யோ, நிஜமாவே இல்லைங்க…”

“இருக்கு. உன் பேருலதான். இந்தக் காருக்கு, இன்னிக்கு ஒரு நாள், மத்தியானம் பன்னிரண்டுலேருந்து நாலு வரைக்கும். நேத்து சாயங்காலம் எடுத்திருக்காங்க. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நேரா பார்த்து ஓட்டு, போ.”

நீல விளக்கு அணைந்தது. போலீஸ் வண்டி அவர்களைக் கடந்து வளைவில் மறைந்தது.

லவ்ரி வாய்விட்டுச் சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பை நிறுத்தி, மெல்லத் திரும்பினாள்.

“மெரியல்… இன்னிக்குக் கை வெட்டுப்படும்னு நேத்தே உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மெரியல் துண்டை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கீறல்கூட இல்லை. மணிக்கட்டில் மட்டும் நாலு விரல்கள் அழுந்திய தடம், நீலம் பாரித்துக் கிடந்தது.

“உங்க அப்பாவும் டரெனும் ஒண்ணா உட்கார்ந்து குடிக்கிறவங்க. அதான் உன்கிட்டகூட வாயைத் திறக்கல” என்றாள். “இந்த ஊர் டாக்சி பூரா அவன் ஆளுங்க. என்னை ரயில்வே ஸ்டேஷன்ல இறக்கிட்டு, நாலு மணிக்குள்ள காரை எங்க வாசல்ல விட்டுட்டு, நீ உங்க வீட்டுக்குப் போயிடு. கார் நின்னா நான் உள்ளே இருக்கேன்னுதான் அவன் நினைப்பான்.”

“அப்ப நீங்க எப்படித் திரும்பி வருவீங்க?”

“நான் திரும்பி வரல, கண்ணு.”