ஒன்றுபோல் தெளிந்த கண்கள்

"மருந்துப் பெட்டியைத் திறந்து, நல்ல மருந்தை எல்லாருக்கும் குடுத்துட்டியா?"

டாக்டர் அரோசேனா குரலை உயர்த்தவில்லை. அதுவே நர்ஸ் டெல்பினாவைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

"சத்தியமா இல்ல டாக்டர்."

"அப்ப எப்படி? பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி. தண்ணி ஊத்தின கண்ணும் எப்படித் தெளியும்?"

ஹெர்பிஸ் கிருமி அரித்த கண்கள். அவற்றுக்காக பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பிலிருந்து புதிதாகச் செய்த சொட்டு மருந்து. உருகுவே நாட்டின் மொந்தேவிதேயோ நகரில் அதைச் சோதிக்கும் ஒரே வார்டு இது. யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டவர் அரோசேனா; அது அவருக்கு மட்டுமே தெரியும்.

"பேய் வந்து குணமாக்குதுன்னு அறிக்கையில எழுதட்டுமா? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

டெல்பினா வார்டுக் கதவைக் கைகாட்டினாள். "மத்தியானம் எல்லாரும் தூங்குற நேரத்துல உள்ளே என்னமோ நடமாடுது டாக்டர். கதவைத் திறக்க எனக்குப் பயம். நீங்களே வந்து பாருங்க."

வந்தார். கதவைத் தள்ளினார்.

சன்னல்கள் சாத்திய இருட்டு. கட்டில்கள் அத்தனையும் காலி.

நடுவில், தரையில், நோயாளிகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணில் வெள்ளைத் துணி. எல்லாரும் பகிர்ந்து குடிக்கும் மாத்தே மூலிகைத் தேநீரின் குவளை சுற்றி வருவதுபோல ஒரு கிண்ணம் கைமாறிக் கொண்டிருந்தது. ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் இமையை விரித்தாள். ஒரு சொட்டு விழுந்தது. கிண்ணம் நகர்ந்தது.

எல்லா முகங்களும் ஒரே சமயத்தில் கதவுப் பக்கம் திரும்பின. டெல்பினா ஓரடி பின்வாங்கினாள்.

"என்ன கூத்து இது?"

"எல்லார் சீசாவையும் ஒண்ணாக் கொட்டிட்டோம் டாக்டரே" என்றாள் ஒலிம்பியா. இறைச்சி ஆலையில் மாடு அறுத்த கிழவி. "வேலைநிறுத்தத்துல ஒரே அண்டாவுல காய்ச்சிக் குடிச்ச ஆளுங்க நாங்க. யாருக்குத் தண்ணின்னு தெரியாதப்ப வேற எப்படிப் பங்கு வைக்கிறது? அந்த நர்ஸ் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, அவளை விட்டுடுங்க."

"முட்டாள்களே! மருந்து வேலை செய்யுதான்னு இனி யார் சொல்றது? எத்தனை பேர் கண்ணு இதை நம்பியிருக்கு! குலுக்கல்ல விழுந்தது தண்ணின்னா தண்ணிதான். எனக்கே இந்த நோய் வந்தாலும் அதே சட்டம்தான். ஆராய்ச்சின்னா நேர்மை வேணும்!"

"குலுக்கினப்ப எங்களைக் கூப்பிட்டீங்களா?"

அரோசேனா பதில் சொல்வதற்குள் வட்டத்திலிருந்து பியோரெல்லா எழுந்தாள். சன்னலோரக் கட்டில்காரி, அவருடைய அக்கா மகள்.

"மாமா, நேத்து என் தண்ணி சீசாவை எடுத்துக்கிட்டு, தலையணைக்கு அடியில நல்ல மருந்தை வச்சிட்டுப் போனீங்களே... அதையும் இதுலதான் ஊத்தினேன்."