அரசாங்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தவர்

அழைப்பு மணி அடித்தபோது வெர்னர் லிண்ட் நாற்காலி மேல் ஏறி நின்று கூடத்து விளக்கை மாற்றிக்கொண்டிருந்தார். முதுகெலும்பு நொறுங்கிப்போனவர் செய்யக்கூடிய வேலை அல்ல அது.

குதித்து இறங்கினார். இடுப்புப் பட்டையை இறுக்கி, கைத்தடியை எடுத்து, முகத்தில் கொஞ்சம் வலியையும் வரவழைத்துக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் ஒரு பெண்மணி. கனத்த குளிர்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு.

"மிஸ்டர் லிண்ட்தானே? நான் பிரெமர். மினசோட்டா மாநில உதவித்தொகை வசூல் பிரிவு" என்றார், பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டபடி.

வெர்னர் கைத்தடி மேல் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டார்.

கூரை வேலை செய்யும்போது விழுந்து முதுகு போய்விட்டதென்று ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் ஆடிவந்த நாடகம், போன வாரம்தான் பலித்திருந்தது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி பென்ஷன் அனுமதியாகி, பழைய பாக்கியும் வந்து சேர்ந்தது. அது வரும்வரை பட்டினி கிடக்கக் கூடாதென்று மாநில அரசு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவந்தது. பென்ஷன் வந்ததும் அந்தத் தொகை மாநிலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. வெர்னர் கையெழுத்தும் போட்டிருந்தார். பென்ஷன் ஆபீஸிலிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்தது. அதில் தொகை எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட்டார்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உங்க முதுகு என்னத்துக்கு ஆகும்! உட்காருங்க" என்றார் பிரெமர். "மாநிலம் உங்களுக்குக் கொடுத்தது நாலாயிரத்துச் சொச்சம் டாலர். அதை இப்ப கட்டணும்."

"கட்டாம எங்க போயிடப் போறேன் மேடம்?" என்று முனகினார் வெர்னர். முனகல் நன்றாகவே வந்தது.

"தவணையிலயும் கட்டலாம். ஆனா அதுவரைக்கும் கோப்பை மூட முடியாது. மூடாத கோப்புன்னா எங்க டாக்டர் ஒருத்தர் வீட்டுக்கே வந்து பார்ப்பாரு. சும்மா சம்பிரதாயம்தான். குனியச் சொல்வாரு, நிமிரச் சொல்வாரு, ஒரு எக்ஸ்ரே எடுப்பாரு..."

"இந்தப் பனியில பாவம், அவருக்கு எதுக்குச் சிரமம்? மொத்தமாவே கட்டிடறேன். செக் போடட்டுமா?"

"தாராளமா. செக் பணமாக ஒரு மாசம் ஆகும். டாக்டர் அதுக்குள்ள வந்துட்டுப் போயிடுவாரு."

"ரொக்கமா வாங்கிக்க மாட்டீங்களா மேடம்?"

பிரெமர் தயங்கினார். "வழக்கமா வாங்கறதில்லயே..."

"எனக்காக. இந்த முதுகை வெச்சுக்கிட்டு நான் எங்க உங்க ஆபீஸுக்கு அலையறது?"

பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் ஒன்று வாங்க வங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணம் அலமாரியில் இருந்தது. அப்படியே எடுத்து நீட்டினார். சுடச்சுடக் காப்பியும், கூடவே இரண்டு எலுமிச்சை கேக்கும் கொடுத்தார்.

"எல்லாரும் உங்களை மாதிரி இருந்துட்டா எங்க வேலை எவ்வளவு சுலபம்!" என்று மனதாரப் பாராட்டி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் பிரெமர்.

ஸ்னோமொபைல் போனதில் வெர்னருக்கு வருத்தம்தான். ஆனாலும் கோப்பு மூடியாயிற்று. அன்று சாயங்காலமே தன் ஊரான டுலூத்தை விட்டுப் பாலம் தாண்டி, அடுத்த மாநிலமான விஸ்கான்சின் பக்கம் தன்னை யாரும் அறியாத பௌலிங் கூடத்துக்குப் போய், கனமான பந்துகளை ஆசை தீர உருட்டித் தள்ளிவிட்டு வந்தார்.

வாரக் கடைசியில் மறுபடி மணி அடித்தது. மறுபடி பட்டை, தடி, வலி. இந்தத் தடவை வந்திருந்தவர் போலீஸ் துப்பறிவாளர் டோலன்.

"லிண்ட் சார், பிரெமர்னு ஒருத்தி இங்க வந்தாளா?"

"வந்தாங்களே. மாநில ஆபீஸர்."

"ஆபீஸரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பக்கா மோசடிக்காரி! ஜனங்களோட தபால் பெட்டியில கையை விட்டு, யாருக்குப் பென்ஷன் வந்திருக்குன்னு பிரிச்சுப் பார்த்துட்டுத் திரும்ப ஒட்டி வெச்சிடுவா. மாநிலம் எங்க சார் வீடு வீடா வந்து வசூல் பண்ணுது? பாக்கி உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே தன் பங்கைக் கழிச்சுக்கும். கடிதத்துலயே போட்டிருக்குமே, படிக்கலையா?"

"அப்போ நான் ரெண்டு தடவை கட்டியிருக்கேனா?" என்று அலறினார் வெர்னர். இப்போது முகத்தில் தெரிந்தது அசல் வலி.

"கவலைப்படாதீங்க, மாட்டிக்கிட்டா. உங்க எதிர்வீட்டு லோர்னா அம்மா, இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க, தான் பிடிச்சு நடக்கிற வாக்கரைக் கதவுக்குக் குறுக்கே போட்டு அவளை மடக்கி வெச்சுக்கிட்டு எங்களுக்கு போன் பண்ணிட்டாங்க."

"நல்லா வேணும்! உடம்புக்கு முடியாதவங்க வயித்துல அடிக்கிறாளே, பாவி! கோர்ட்டுக்கு நானே வந்து சாட்சி சொல்றேன் சார்."

"அவளுக்கு எதிரா சாட்சி ஏகப்பட்டது இருக்கு" என்றார் டோலன், உள்ளே வந்து கதவைச் சாத்தியபடி. "நான் வந்தது அவ கொடுத்த வாக்குமூலத்துக்காக."

"என்ன சொன்னா?"

"'டாக்டர் வருவாருன்னு சொன்னதுமே, நிஜமா முடியாதவங்க அத்தனை பேரும், இப்பவே கூட்டிட்டு வா, நான் படற பாட்டை அந்த ஆளாவது வந்து பார்க்கட்டும்னு சண்டைக்கு வந்தாங்க, பணத்தை எடுத்து நீட்டினது லிண்ட் ஒருத்தர்தான், என்னைப் பிடிச்சது இருக்கட்டும், முதல்ல அவரைப் பிடிங்க'ன்னு சொன்னா சார்."