எது ஒரிஜினல்?

பாட்டு விஷயத்தில் கசெட் கடைச் செல்லச்சாமியிடம் கண்டியில் யாரும் வாய் கொடுப்பதில்லை. பள்ளிக்கூட டீச்சர் றீற்றா மட்டும் அன்று கொடுத்தார்.

"இந்தாங்க டீச்சர், நீங்க கேட்ட பாட்டு. ஒரிஜினல்!"

"இல்லை முதலாளி. இந்தப் பாட்டுக்காரருக்கு முந்தியே ஒரு பிள்ளை பாடி இசைத்தட்டு வந்தது."

செல்லச்சாமி சிரித்தார். "பாடத்த நீங்க சொல்லிக் குடுங்க, பாட்ட நான் சொல்லித் தாறேன். அப்படி ஒரு தட்டு இருந்தா கொண்டாங்க பாப்போம்."

"வீட்டில இருந்தது. எண்பத்திமூண்டு கலவரத்தில வீட்டோட எரிஞ்சிட்டுது."

செல்லச்சாமியின் சிரிப்பு அடங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கசெட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு சரணத்தோடு பாட்டு முடிந்தது.

"முழுசாக் கேட்டீங்களா?"

"மூண்டாம் சரணத்தை விட்டிட்டார்" என்ற டீச்சர், அதை மெல்லப் பாடினார். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் கசெட் தேடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடேயப்பா! நல்லா காப்பி பண்ணுறீங்களே. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. பத்தொன்பது வயசில அதை றெக்கோட் பண்ணினதே நான்தான்."

செல்லச்சாமி கசெட் உறையைத் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் ஏன் டீச்சர் இத வாங்க வந்தீங்க?"

"அம்மா என்ன பாட்டுப் பாடினவ எண்டு மகள் கேக்கிறாள். வேறை எதைப் போட்டுக் காட்டிறது?"

செல்லச்சாமி ரெக்கார்டரில் இருந்த கசெட்டை வெளியே எடுத்தார். புதுக் கசெட் ஒன்றின் உறையைப் பிரித்து உள்ளே போட்டார்.

"முதல்லேருந்து பாடுங்க டீச்சர்."