முன்கூட்டியே விட்ட வால்

ஒரு சமையலறைச் சுவரில் இரண்டு பல்லிகள் இருந்தன. வீட்டுக்குப் பூனை வரப்போவது தெரிந்ததும், ஒன்று தன் வாலைத் துண்டித்துக் கீழே போட்டுவிட்டது.

"என்ன மச்சான், பூனை இன்னும் வரவே இல்லையே?" என்றது மற்றது.

"பிடித்தால் எப்படியும் வாலை விடத்தானே வேண்டும்? முன்கூட்டியே விட்டேன். இதற்குப் பெயர் விவேகம். உனக்கு எங்கே புரியப்போகிறது?"

வால் முளைக்க மாதக்கணக்காகும். பூனை மறுநாளே வந்தது.

முதலில் வால் உள்ளதைத்தான் கவ்வியது. அது வாலைப் பூனையின் வாயிலேயே விட்டுவிட்டு உத்தரத்துக்கு ஓடிவிட்டது. பூனை திரும்பி வாலில்லாததைப் பிடித்தது. அதனிடம் விட ஒன்றுமில்லை.

தின்று முடித்த பூனை அண்ணாந்து பார்த்துச் சொன்னது: "உன் மச்சான் விவேகிதானப்பா. கையில் அப்படியே முழுசாக நின்றான்."