அண்டங்காக்கைக்கு அடையாளம்

ஒரே அடிதான். இரும்புக் குழாயின் நுனியில் ரத்தம் வழிய, பெயிண்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

“ஒழிஞ்சுது சனியன்! பத்து நாளா என் மண்டையைக் கொத்திக் கொத்திப் புண்ணாக்கினியே, இப்பக் கொத்து பாக்கலாம்.”

மனைவி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். முந்தாநாள் அவன் விட்ட அறையில் வீங்கிய கன்னம் இன்னும் வடியவில்லை. இடது கையில் மாவுக்கட்டு வேறு. அது போன மாதத்து உபயம்.

“ஐயோ, இது குயிலுங்க. கண்ணு எப்படிச் சிவந்திருக்கு பாருங்க. இது யாரையும் கொத்தாது, பாவம்.”

“கறுப்பா இருக்கிறதெல்லாம் காக்காதான்டி!”

“இல்லீங்க. கழுத்துல சாம்பல் பூசின மாதிரி இருந்தா சாதாரணக் காக்கா. கழுத்தும் கறுப்பா, மூக்கும் தடியா இருந்தா அண்டங்காக்கா. உங்களைக் கொத்துறது அதுதான். நம்ம வாசல் மரத்து உச்சியில குஞ்சு பொரிச்சிருக்கு.”

“வந்துட்டா பெரிய பறவை டாக்டரு!”

அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருவில் நூறு பேர் போகிறார்கள், வருகிறார்கள். மஞ்சள் தொப்பியும் மாஸ்க்குமாக அவன் வேலைக்குக் கிளம்பினால் மட்டும் மரத்திலிருந்து பாய்ந்து வருகிறது. நேற்று ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். உயரத்தில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் கண் போனால் பிழைப்பே போச்சு.

“காக்கா சும்மா துரத்தாதுப்பா. கூட்டுல ஏதாவது கை வச்சியா?” என்று எதிர்வீட்டு டெய்லர்கூடக் கேட்டார்.

“சத்தியமா ஒரு கல்லுகூட எறிஞ்சதில்லைண்ணே” என்றான். அதென்னவோ உண்மைதான். அந்த மரத்துப் பக்கம் அவன் தலைவைத்துப் படுத்ததுகூடக் கிடையாது.

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஏணியைத் தூக்கிவந்து மரத்தில் சாய்த்தான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தொப்பியை எடுத்தால், உள்ளே நீளமாக ஒரு முடி.

“என் தொப்பியில உன் முடி எப்படிடி வந்துச்சு?”

“துவைக்கிறப்ப ஒட்டியிருக்கும்.”

“ஒரு தொப்பியை ஒழுங்காத் துவைக்கத் துப்பில்ல!” வீங்கிய கன்னத்திலேயே பளாரென்று இன்னொன்று விழுந்தது. “இரு, கூட்டைப் பிச்செறிஞ்சுட்டு வர்றேன். இறங்கி வந்து உன் இன்னொரு கையையும் முறிக்கிறேன்.”

தொப்பியை மாட்டிக்கொண்டு குழாயையும் கையில் எடுத்தான். அவன் விறுவிறுவென்று ஏறினான்.

கூட்டுக்குக் கையெட்டும் தூரத்தில் அண்டங்காக்கைகள் இரண்டும் ஜோடியாக வந்தன. ஒன்று காதைக் கிழித்தது. மற்றது புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, கண்மூடித்தனமாகக் குழாயை வீசினான். குழாய் போயிற்று, பிடி போயிற்று, கூடவே ஏணியும் போயிற்று.

சிமெண்டுத் தரையில் இடுப்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. காலை அசைக்கப் பார்த்தான். கால் இருப்பதாகவே தெரியவில்லை. காக்கைகள் அப்போதும் விடாமல் மேலே விழுந்து கொத்தின.

மனைவி நிதானமாக வந்து குனிந்தாள். அவன் தொப்பியையும் மாஸ்க்கையும் கழற்றித் தூர எறிந்தாள். காக்கைகள் அவனை விட்டுவிட்டுத் தொப்பியின் மேல் பாய்ந்தன.

“டெய்லர் அண்ணனைக் கூப்பிட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்றாள்.

“அதுங்களுக்கு நான் என்னடி பாவம் பண்ணேன்?” என்று முனகினான்.

அவள் அவன் காதருகே வந்து, முதல் தடவையாகப் பயமில்லாமல் பேசினாள்.

“தினமும் நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி, உங்க தொப்பியையும் மாஸ்க்கையும் மாட்டிக்கிட்டுப் போய்க் கூட்டுல கல்லெறிஞ்சது நான்தாங்க.”