பெட்டி கொடுத்த ஆள்

பேத்தி நிறைமதிக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் கேட்டு அவளோடு பள்ளிக்குப் போனேன். யாருக்கு ஆள் தருவதென்று அங்கே பேசும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுதான் முடிவு செய்கிறது. பெட்டியை நான் நம்புகிறவனில்லை.

"பாப்பா, இதைப் படிம்மா" என்றது.

"அவளுக்குப் படிக்க வரலைன்னுதானே வந்திருக்கோம், மூதேவி!"

"சரி, தாத்தா நீங்க படிங்க."

"கண்ணாடி கொண்டாரல."

எழுத்தைச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டியது. நான் சுவரைத் திட்டினேன்.

பெட்டி தீர்ப்புச் சொன்னது: "தாத்தாவுக்குப் படிக்கத் தெரியலை, கோபமும் அதிகம். உடனே ஒரு உதவியாளர் தர்றோம். ஆனா வகுப்பறையில மட்டும்தான் உட்காருவார். பாப்பா அடுத்த வருஷம் வரட்டும்."

நிறைமதி கைகொட்டிச் சிரித்தாள். நான் கைநாட்டு வைத்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து நானும் மூன்றாம் வகுப்பு. என் உதவியாளரை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்து, அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பிவிட்டேன்.